இரண்டடி தூரமும் ஓர் எலுமிச்சம்பழமும்

இரண்டே இரண்டு அடி தூரம்தான். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில் இருக்குமே, அவ்வளவுதான். அங்கிருந்து பந்தை மெள்ளத் தட்டிக் குழியில் விழவைக்க வேண்டும். சுற்றி நின்ற நாலைந்து ஜோடிகள் கைதட்டத் தயாராக இருந்தார்கள். தட்டினேன். பந்து நேரே போய், குழியின் வலது ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது!

கணவன் மனைவி ஜோடியாக ஆடும் கோல்ஃப் போட்டி அது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. அவர் ஒரு முறை, நான் ஒரு முறை என்று மாறி மாறி அடிக்க வேண்டும். இவர் அரும்பாடுபட்டுக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததை நான் ஒரே தட்டில் கோட்டை விட்டேன். பரிசு போனதுகூடப் பெரிதில்லை. வீடு வந்து சேரும்வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு பேசியிருப்பேன். ராத்திரி சாதத்துக்கு மோர் ஊற்றும்போது, "விடு, பரவாயில்லை. உனக்குக் கை நடுங்குது. வயசாகுதில்ல?" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

'கோல்ஃபா? அது பணக்காரர்கள் விளையாட்டாச்சே, நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே. நானும் அப்படி நினைத்தவள்தான். என் கணவருக்கு ஒரு மலையூரில் உத்தியோகம். கிளப்பில் சேரும் செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. எனக்கு ஐம்பது நெருங்கும்போது சர்க்கரை எட்டிப் பார்த்தது. "தினமும் நடக்க வேண்டும் அம்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தனியே நடக்க அலுப்பாக இருக்கிறதே என்று இவரோடு மைதானத்தில் நடக்க ஆரம்பித்தவள், மெல்ல மெல்ல மட்டையையும் பிடித்தேன். முதலில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கான்வாஸ் ஷூவோடு நின்ற என் கோலத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். பிறகு சல்வாருக்கு மாறினேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். தூரத்திலிருந்து பந்தை வானத்தில் பறக்கவிட்டு அடிப்பதுதான் கோல்ஃப் என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் தரை இருக்கும். அதற்கு 'கிரீன்' என்று பெயர். அங்கே வந்ததும் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போட வேண்டும். இதுதான் 'பட்டிங்'. இதற்கென்று உள்ள மட்டைக்குப் 'பட்டர்' என்று பெயர். (வெண்ணெயும் அல்ல, பெருமாள் கோயில் பட்டரும் அல்ல!) 18 குழிகளுக்கு 72 அடி என்று கணக்கு வைத்தால், அதில் குழிக்கு இரண்டாக 36 அடி இந்த உருட்டலுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். இதற்குப் புஜபலம் வேண்டாம். பெண்களும் வயதானவர்களும் ஆண்களுக்குச் சமமாக நிற்கக்கூடிய இடம் இது. அங்கேயே நான் தோற்றேன் என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு மாதம் வீட்டோடு இருந்தேன். நடையும் நின்றுபோயிற்று. சர்க்கரை ஏறியது. டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, நடக்க மட்டும் போவதென்று மறுபடி கிளம்பினேன். அன்று எதிரே வந்தவர் மைதானத்தில் மட்டைப் பை தூக்கும் ஒரு பெரியவர். 'கேடி' என்பார்கள். முப்பது வருஷமாக அந்தப் புல்லை மிதித்தவர்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க பெரியவரே."

"அன்னிக்கு உங்க கை நடுங்கலீங்கம்மா. குச்சிதான் நீளம். அது ஐயாவோட குச்சி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் கிட்டத்தட்ட ஆறடி உயரம். நான் ஐந்தடி ஒரு அங்குலம். இவருடைய பழைய பட்டர் 35 அங்குலம். இவர் புதிது வாங்கியதும் பழசு என் கைக்கு வந்தது. அது எனக்குப் பொருந்துமா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பெரியவர் என்னை வழக்கம்போல் நிற்கச் சொன்னார். கையில் இன்னொரு பந்தைக் கொடுத்து, "ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, மூக்குத்தண்டுல வெச்சு அப்படியே விடுங்க" என்றார். விட்டேன். கீழே இருக்கும் பந்தின் மேலோ, அதற்குச் சற்று உட்புறமாகவோ அது விழ வேண்டும். என்னுடையது நாலு விரற்கடை தள்ளி, என் கால் விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது!

காரணம் கேளுங்கள். மட்டை நீளமாக இருந்ததால் கைப்பிடி வயிற்றில் இடித்தது. இடிக்காமல் இருக்கப் பந்தை விட்டுத் தள்ளி நின்றேன். (மட்டையின் நுனியை உடம்பில் ஊன்றிக்கொண்டு அடிப்பது 2016 முதல் விதிப்படியே தப்பு.) தள்ளி நின்றதால் பந்தை நேர் மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். கோணல் கண்ணுக்குக் கோணல் கோடுதானே தெரியும்? எனக்குக் குழியின் வலது ஓரமே நடு மாதிரி தெரிந்திருக்கிறது. அன்று பந்து எந்த ஓரத்தைச் சுற்றியது என்று நினைவிருக்கிறதல்லவா?

எனக்குச் சட்டென்று எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் சமையல் மேடை ஞாபகம் வந்தது. யாருடைய உயரத்துக்குக் கட்டினார்களோ! எட்டு வருஷம் எம்பி எம்பிக் குழம்பைக் கிளறி, தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன். 'எனக்குத்தான் உடம்பில் தெம்பில்லை' என்றே நினைத்தேன். கடைசியில் வேலைக்கு வந்த பெண் காலடியில் ஒரு மரப்பலகையைப் போட்டாள்; பாதி வலி போயிற்று. பொருள் நமக்குப் பொருந்தாதபோது குறை நம்மிடம்தான் என்று ஒத்துக்கொள்வதில் நாம் எவ்வளவு கெட்டிக்காரிகள்!

புது மட்டை வாங்கும்வரை, கைப்பிடியில் இரண்டு அங்குலம் இறக்கிப் பிடிக்கச் சொன்னார் பெரியவர். வீட்டில் நான் பழகிய விதத்தைச் சொல்கிறேன். ஹாலில் பவானி ஜமக்காளத்தை விரித்தேன். அதிலுள்ள நீளக் கோடுகளைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. கோட்டின் ஒரு முனையில் பந்து. ஏழெட்டு அடி தள்ளி மறுமுனையில் ஒரு காபி டபரா. கோல்ஃப் குழியின் வாய் 4¼ அங்குலம். டபராவின் வாயும் ஏறக்குறைய அவ்வளவுதான். பந்து 1.68 அங்குலம், ஒரு நல்ல எலுமிச்சம்பழம் அளவு. ஆகவே மூக்குத்தண்டுச் சோதனைக்கு எலுமிச்சம்பழமே போதும்.

நிற்கும் விதத்தில்தான் முக்கால்வாசி சூட்சுமம். பாதங்கள் தோள் அகலத்துக்கு இருக்கட்டும். முழங்கால் லேசாகத் தளரட்டும். குனிவது இடுப்பு மூட்டிலிருந்து. முதுகைக் கூன் போடக் கூடாது. கோலம் போடும்போது நாம் எப்படிக் குனிகிறோம், அதில் கால்வாசி குனிந்தால் போதும். பந்து இரண்டு பாதங்களுக்கும் நட்டநடுவே இல்லாமல், ஒரு பந்து அகலம் இடது பாதத்தின் பக்கமாக இருக்க வேண்டும் (வலது கைப் பழக்கக்காரர்களுக்குச் சொல்கிறேன்). கைகள் தோளிலிருந்து சும்மா தொங்கட்டும்.

பிடி! இதில்தான் நம்மவர்கள் தப்புச் செய்கிறோம். முறுக்கு அச்சைப் பிழிகிற மாதிரி மட்டையைப் பிழியக் கூடாது. குழந்தையின் விரலைப் பிடித்துத் தெருவைக் கடப்போமே, அந்தப் பிடி. நழுவவும் கூடாது, நோகவும் கூடாது.

பிறகு அடி. மணிக்கட்டைச் சுண்டி அடிக்காதீர்கள். இரண்டு தோளும் கையும் சேர்ந்து ஊஞ்சல் மாதிரி போய்வர வேண்டும். கொஞ்ச தூரத்துக்குச் சின்ன ஊஞ்சல், அதிக தூரத்துக்குப் பெரிய ஊஞ்சல். வேகத்தைக் கூட்டிக் குறைத்து அடிக்க ஆரம்பித்தால் கணக்குத் தவறும்.

பந்தைத் தொடும் நேரத்தில் மட்டையின் முகம் குழியை நேராகப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேராக என்கிறீர்கள்? கடிகாரத்தில் ஒரு நிமிஷக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 6 டிகிரி. அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1 டிகிரி முகம் திரும்பினால்கூட 10 அடி தூரத்தில் பந்து 2 அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். குழியின் நடுவிலிருந்து ஓரம்வரை உள்ள தூரமே அவ்வளவுதான்! அதனால் பந்துக்கு இருபுறமும் மட்டைத் தலை நுழையும் அளவுக்கு மட்டும் இடம்விட்டு இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். மட்டை கோணினால் 'டங்' என்று காட்டிக்கொடுக்கும். முதல் வாரம் எங்கள் வீடு பாத்திரக்கடை மாதிரி இருந்தது.

தட்டிய பிறகு தலையைத் தூக்கக் கூடாது. இது எனக்குக் கடைசிவரை வராத பாடம். பந்து என்ன ஆயிற்று என்று பார்க்க மனசு பறக்கும். தலை நிமிர்ந்தால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் மட்டை கோணும். "கண்ணால பாக்காதீங்கம்மா, காதால கேளுங்க" என்பார் பெரியவர். பந்து டபராவில் மோதும் சத்தம் வரும்வரை தரையையே பார்க்கப் பழகினேன். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். ஆசையில் முதல் நாள் முக்கால் மணி நேரம் குனிந்து நின்று, கழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அவஸ்தைப்பட்டேன். முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

வீட்டுத் தரை சமம். மைதானத்துத் தரை அப்படியில்லை. குளியலறையில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்போமில்லையா? அதே கண்ணோடு கிரீனைப் பாருங்கள். பந்தும் அந்தப் பக்கம்தான் சாயும். மெதுவாக உருளும்போது இன்னும் அதிகம் சாயும். காலைப் பனியில் புல் ஈரமாக இருந்தால் பந்து நடக்கவே மாட்டேன் என்கும். வெயில் ஏறினால் ஓடும். தூரம் 30 அடி என்றால் குழியையே குறி வைக்காதீர்கள். குழியை நடுவில் வைத்து ஒரு பெரிய கல்யாண அண்டா இருப்பதாக நினைத்து, அதற்குள் போய் நின்றால் போதும் என்று உருட்டுங்கள். கிட்டத்திலிருந்து தட்டும்போது, தவறினாலும் குழியைத் தாண்டி ஒரு அடி ஒன்றரை அடி போய் நிற்கிற வேகம் நல்லது. குழிக்கு முன்பே நின்றுவிட்ட பந்து எப்படி விழும்?

என் மனப்புண்ணுக்கு மருந்து போட்டது இன்னொரு விஷயம். கொரியாவின் கிம் இன் கியூங் என்ற பெண்ணைப் பற்றிப் படித்தேன். 2012-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய பட்டப் போட்டியில், கடைசிக் குழியில் ஒரே ஒரு அடி தூரம். போட்டால் பட்டம் அவளுக்கு. பந்து ஓரத்தைச் சுற்றி வெளியே வந்துவிட்டது! பட்டம் இன்னொருத்திக்குப் போயிற்று. வாயில் கை வைத்து நின்றாள் பாவம். உலகமே பார்த்த அந்த இடத்திலிருந்து அவள் மறுபடி எழுந்து, 2017-ல் பிரிட்டிஷ் மகளிர் ஓப்பன் பட்டத்தை ஜெயித்தாள். தொழிலாகவே ஆடுகிற பெரிய ஆண் ஆட்டக்காரர்கள்கூட 8 அடியிலிருந்து இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் போடுகிறார்களாம். நான் இரண்டடிக்கு இரண்டு மாதம் அழுதிருக்கிறேன்!

நம் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்து மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். தூரம் அடிப்பதில் அவளைவிடப் பலசாலிகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஈடுகொடுத்தது அவளுடைய பட்டர்தான். அங்கே அவளுக்குப் பை தூக்கி நடந்தது யார் தெரியுமோ? அவளைப் பெற்ற அம்மா!

சீட்டுப் பணம் வந்ததும் 33 அங்குலத்தில் எனக்கென்று ஒரு பட்டர் வாங்கினேன். "ரெண்டு அங்குலத்துக்கா இவ்வளவு காசு?" என்றார் இவர். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வருஷ ஜோடிப் போட்டியில் ஜெயித்தோமா என்று கேட்காதீர்கள். எட்டாவது இடம். ஆனால் மூன்றடி, நாலடி என்று எனக்கு வந்த சின்னத் தட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் தவறியது. அன்று இவர் அடித்த பந்துகளில் மூன்று, மரத்தடிப் புதரில் காணாமல் போயின. வீட்டுக்கு வரும் வழியில் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை!

அன்றைக்கு ராத்திரி பத்து மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் ஹாலில் விளக்கெரிகிறது. ஜமக்காளத்தின் மேல் இவர், லுங்கியோடு, பட்டரைப் பிடித்துக் குனிந்து நிற்கிறார். மூக்குத்தண்டில் ஓர் எலுமிச்சம்பழம். விட்டார். அது பந்துக்கு நாலு விரற்கடை தள்ளி விழுந்து, உருண்டு என் காலடிக்கு வந்தது.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. உன் அந்தப் பெரியவர் நாளைக்குக் காலையில வருவாரா?" என்றார்.