வழிகாட்டி வைத்தால் நோயாளி பிழைப்பாரா?

தருவைகுளத்தில் வலை பழுது பார்க்கும் பெண் ஒருவருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்த பரிசோதனையில் கருப்பை வாயில் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஓ.பி. சீட்டு, பயாப்சி, ஸ்கேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, பிறகு கலெக்டர் அலுவலகம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் 'கரண்டு வைப்பது'. கதிர்வீச்சுச் சிகிச்சையை ஜனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அது வாரத்துக்கு ஐந்து நாளாகக் கிட்டத்தட்ட ஐந்து வாரம். போகிற ஒவ்வொரு நாளும் கூலி போகும்.

இந்த வழி நெடுகக் கூடவே வருகிற ஆள்தான் நோயாளி வழிகாட்டி. மருந்து கொடுப்பது அவர் வேலையில்லை. எந்தத் தாளுக்கு எந்தக் கவுண்டர், அடுத்த தேதி எது, போன வாரம் வரவேண்டியவர் ஏன் வரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போகச் சொன்னால், மருத்துவமனைச் சான்றைக் காட்டி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் பெட்டியில் நோயாளி இலவசமாகப் போகலாம், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு என்று எடுத்துச் சொல்வதும் அவரே. மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதற்கென்றே ஆட்களைப் பயிற்றுவிக்கிறது. அந்தத் திட்டத்துக்கு, ராமனைக் கங்கை கடத்திவிட்ட ஓடக்காரரான கேவட்டின் பெயர்.

நல்ல காரியம்தான். பலன் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஹெரால்டு ஃப்ரீமன் 1990-இல் தொடங்கிய திட்டம்தான் இதற்கெல்லாம் முன்னோடி. அங்கே 1986 வரையிலான 22 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பேரில், ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். 1995 முதல் 2000 வரை வந்த 325 பேரில் அது 70 சதவீதம். மலைக்க வைக்கும் தாவல். ஆனால் அதே காலத்தில் இலவசமாகவும் குறைந்த செலவிலும் மார்பகப் பரிசோதனை வந்துவிட்டது, சிகிச்சையும் மேம்பட்டிருந்தது. இதில் வழிகாட்டியின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க வழியில்லை.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பல ஊர்களில் ஒப்பிட்டுப் பார்த்தது. பரிசோதனையில் சந்தேகம் எழுந்த 10,521 பேரையும் நோய் உறுதியான 2,105 பேரையும் கவனித்த அந்த ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. நோயை உறுதிசெய்வதிலும் சிகிச்சையைத் தொடங்குவதிலும், முதல் 90 நாளில் வழிகாட்டி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதன் பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. தானாக வருகிறவர் எப்படியும் வந்துவிடுவார். பாதியில் நின்றுபோகிறவருக்குத்தான் ஆள் வேண்டும். மூன்று மாதத்தில் அறிக்கை கேட்கும் அதிகாரி இந்தத் திட்டத்தைத் தோல்வி என்றே எழுதியிருப்பார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000-இல் தொடங்கிய ஆய்வில், எந்த ஊர்களுக்குப் பரிசோதனை, எவற்றுக்கு வழக்கமான சேவை மட்டும் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பக்கம் 49,311 பெண்கள், மறுபக்கம் 30,958 பேர். பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அங்கே வழிகாட்டி என்று யாரும் இல்லை. பரிசோதித்த நர்ஸே, பெண் சம்மதித்தால், புற்றாக மாறக்கூடிய புண்ணுக்கு அன்றைக்கே சிகிச்சையும் கொடுத்துவிட்டார். வழியே இல்லாமல் செய்துவிட்டால் வழிகாட்டி எதற்கு?

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி மாவட்டங்களில் வீடு தேடி அழைப்புக் கொடுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியது. இப்படிப்பட்ட திட்டங்களில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள். கேட்க வேண்டியது அதற்குப் பிந்தைய எண்களை. சந்தேகம் என்று சொன்ன நாளிலிருந்து முதல் சிகிச்சை வரை எத்தனை நாள்? கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சை எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. தொடங்கியவர்களில் எத்தனை பேர் அப்படி முடித்தார்கள்?

தூத்துக்குடிக் கரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர் வீட்டில் இருப்பதால் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர ஆள் உண்டு. கையில் காசில்லாமல் வருகை குறையவும் செய்யலாம். உப்பளத் தொழிலாளிக்கோ மழைக்காலத்தில்தான் ஓய்வு. மார்ச்சையும் மே மாதத்தையும் ஒப்பிட்டு 'திட்டம் வெற்றி' என்றால், அது தடைக்காலத்தின் வெற்றியாகவும் இருக்கலாம். இந்த ஆண்டு மே மாதத்தைப் போன ஆண்டு மே மாதத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடியில் சிப்பி விளையும் பார்களிலிருந்து மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துப் பிளந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்புக்கு நாள் குறித்தார்கள். அதுபோல ஓ.பி. பதிவேட்டிலிருந்து குலுக்கலில் சில நூறு கேஸ் சீட்டுகளை எடுத்து, ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நின்றுபோனார் என்று தேடிப் பார்க்கலாம். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வழிகாட்டிகளைப் போட எப்படியும் ஆள் போதாது. திரேஸ்புரம் முதலிலா, புன்னைக்காயல் முதலிலா, வேம்பார் முதலிலா என்று சீட்டுக் குலுக்கித் தொடங்கினால், முறை வரும்வரை காத்திருக்கிற ஊர்களே ஒப்பீட்டுக்குப் போதும்.