ஆசிரியருக்குச் சொந்த வீடு: கையிருப்பு முதல் கிரயப் பத்திரம் வரை

சில ஆண்டுகளுக்கு முன், சித்தூர் மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் எம் கிளைக்கு வந்தார். திருப்பதியின் புறநகரில் மனை ஒன்றைப் பேசி முடித்து, 3 லட்சம் ரூபாய் முன்பணமும் கொடுத்திருந்தார். மீதித் தொகைக்கும் கட்டுமானத்திற்கும் கடன் வேண்டும் என்றார். ஆவணங்களை ஆராய்ந்த வழக்கறிஞர், அந்தச் சர்வே எண் பதிவு செய்யத் தடை செய்யப்பட்ட நிலங்களின் பட்டியலில் இருப்பதாக எழுதினார். கடன் கிடைக்கவில்லை. முன்பணத்தில் பாதியைத் திரும்பப் பெறவே அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அவருக்கு வருமானம் இருந்தது, சேமிப்பும் இருந்தது. செய்ய வேண்டியவற்றின் வரிசைதான் மாறிப்போயிற்று. அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனித் திட்டம் உண்டா?

அமெரிக்காவில், தேர்ந்தெடுக்கப்பட்ட சில பகுதிகளிலுள்ள அரசு வசமான வீடுகளை ஆசிரியர், காவலர் முதலியோருக்குப் பட்டியல் விலையில் பாதிக்கு விற்கும் திட்டம் உள்ளது. வாங்கியவர் 36 மாதங்கள் அங்கேயே குடியிருக்க வேண்டும். நம் நாட்டில் அதுபோல ஒரே குடையின் கீழ் உதவி கிடைப்பதில்லை. பல வழிகளை ஒன்றுசேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கையிருப்பு

வீட்டின் விலை 25 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 விழுக்காடு வழங்கலாம். அதாவது 22.5 லட்சம். எஞ்சிய 2.5 லட்சம் நம்முடையது. ஆந்திரத்தில் முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்த்து 7.5 விழுக்காடு எனக் கணக்கிட்டால் மேலும் 1,87,500 ரூபாய். இத்தகைய வீட்டிற்கு இச்செலவு கடன் கணக்கில் சேராது. ஆகவே, 4,37,500 ரூபாயேனும் கையில் இருந்தால்தான் பேச்சைத் தொடங்கலாம்.

இத்தொகைக்கு எங்கே செல்வது? அரசுப் பள்ளி ஆசிரியர்க்குப் பொது வருங்கால வைப்பு நிதியும், ஜில்லா பரிஷத் பள்ளி ஆசிரியர்க்கு அப்பரிஷத்தின் வைப்பு நிதியும் உண்டு. குறிப்பிட்ட பணிக்காலம் நிறைந்தவர் வீட்டிற்காக அதிலிருந்து பணம் எடுக்கலாம். 2004 செப்டம்பர் 1 முதல் பணியில் சேர்ந்து, பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருப்போர், மூன்று ஆண்டுகள் நிறைந்தபின் தாம் செலுத்திய பங்களிப்பில் 25 விழுக்காடு வரை முதல் வீட்டிற்காகப் பெறலாம். அரசின் பங்களிப்பு இக்கணக்கில் வராது. மாநில அரசின் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் மீதும் கடன் பெற வழியுண்டு.

அரசு தரும் முன்பணமும் வட்டி மானியமும்

மத்திய அரசு ஊழியர்க்கான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம் ரூபாய், இவற்றுள் குறைந்ததை உச்சவரம்பாகக் கொண்டு வீடு கட்டும் முன்பணம் வழங்கப்படுகிறது. அசலை முதலில் 180 தவணைகளிலும், வட்டியைப் பின்னர் 60 தவணைகளிலும் செலுத்தலாம். மத்திய அரசின் தன்னாட்சி நிறுவனப் பள்ளிகளில் பணிபுரிவோர், தம் நிறுவனம் இவ்விதிகளை ஏற்றுள்ளதா என அறிந்துகொள்ள வேண்டும். மாநில அரசு ஊழியர்க்கும் இத்தகைய முன்பணம் உண்டு. சம்பளம் வழங்கும் அதிகாரியிடம் வரம்பையும் நிதி ஒதுக்கீட்டையும் முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள பிரதமர் வீட்டு வசதித் திட்டம் (நகர்ப்புறம்) 2.0 தனியார் பள்ளி ஆசிரியர்க்கும் பயன்படும். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சம், வீட்டின் மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம் ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டோர்க்கு, கடனின் முதல் 8 லட்சத்தின் மீது 4 விழுக்காடு வட்டி மானியம் கணக்கிடப்படும். அதிகபட்ச மானியம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரவு வைக்கப்படும். குடும்பத்தில் எவர் பெயரிலும் நாட்டில் எங்கும் நிலையான வீடு இருத்தல் கூடாது. கணவனும் மனைவியும் ஆசிரியர்களாயின், இருவர் வருமானமும் சேர்த்தே பார்க்கப்படும் என்பதை நினைவில் கொள்க.

தவணைக் காலம்

22.5 லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்காட்டாக 8.5 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 19,526 ரூபாய். 15 ஆண்டுகளுக்கு 22,157 ரூபாய். மாதம் சுமார் 2,600 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால், மொத்தத்தில் ஏறக்குறைய 7 லட்சம் ரூபாய் மிச்சமாகும். ஆந்திர அரசு ஊழியரின் ஓய்வு வயது 62. அதற்கு முன்பே கடன் முடியுமாறு காலத்தை அமைத்துக்கொள்வது உத்தமம். மாறும் வட்டியிலுள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் விதிக்க இயலாது. ஆகவே, நிலுவைச் சம்பளம் வரும்போது அசலில் கட்டிவிடலாம்.

பணத்திற்கு முன் பத்திரம்

திருப்பதி கோயில் நகரம். சுற்றிலும் கோயில் நிலங்களும் மடத்து நிலங்களும் மிகுதி. அரசு நிலங்களும் அறநிலைய நிலங்களும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்கீழ்த் தடைப்பட்டியலில் இடம்பெறும். நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலத்தின் விற்பனையை 1977ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. எனவே, சர்வே எண்ணைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சரிபார்த்து, வில்லங்கச் சான்றிதழும் தாய்ப்பத்திரமும் பெற்று, திருப்பதி நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் போன்ற உரிய அமைப்பின் மனைப்பிரிவு ஒப்புதலையும் கண்டபின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். ஆவணங்கள் தெலுங்கில் இருக்கும். அம்மொழியைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர், நம்பகமான ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்க.

கடன் தீர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன்னால் தாமதமானால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள விதி.

அந்த ஆசிரியை பின்னர் மீண்டும் வந்தார். இம்முறை மனையின் ஆவண நகல்களை மட்டுமே கொண்டுவந்து, "இதைப் பார்த்துச் சொல்லுங்கள் சார், பிறகுதான் பணம் கொடுப்பேன்" என்றார். இன்று அவ்வீட்டிற்கான தவணை அவர் சம்பளக் கணக்கிலிருந்து மாதந்தோறும் சென்றுகொண்டிருக்கிறது.