மலைக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு

திருப்பத்தூர் மாவட்டத்து நெல்லிவாசல்நாட்டில், ஜவ்வாது மலையின் மற்ற ஊர்களைப் போலவே, பெற்றோர் தோட்ட வேலைக்கு வெளிமாநிலம் போய்விடும் மாதங்களில் பாட்டியோடோ ஹாஸ்டலிலோ இருக்கும் பிள்ளைகள் உண்டு. கீழேயிருந்து பாடம் சொல்லித்தர வரும் அண்ணனையும் அக்காவையும் யார், எவர் என்று விசாரிக்க வீட்டில் ஆள் இருக்காது. அதனால் வருகிறவர்களே முதலில் தங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுக்கொள்ள வேண்டும்.

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை மறக்க முடியாது. 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரில் போலி முகாம் நடந்தது. அங்கே இரவு தங்கிய 13 வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவானது. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். முகாமுக்கு முன்பே என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

ஆகவே அடையாள அட்டையையும் அனுப்பிய அமைப்பின் கடிதத்தையும் நீங்களாகவே தலைமையாசிரியரிடம் கொடுங்கள். கதவு திறந்திருக்கட்டும், எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள். இரவில் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் தங்காதீர்கள். தனி வாட்ஸ்அப் பேச்சு, ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, இரண்டும் வேண்டாம்.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "அண்ணா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று தொடங்கினால், சரி என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். குறுக்குக் கேள்வி வேண்டாம். "நீ ஏன் அங்கே போனே?" என்ற ஒரு கேள்வி போதும், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சொன்னதை அதன் சொற்களிலேயே அன்றைக்கே எழுதி வையுங்கள்.

அடுத்தது போலீஸ். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் யாரானாலும் புகார் செய்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசி முடிக்கிற விவகாரமல்ல இது. குழந்தைகள் உதவி எண் 1098 இலவசம், இரவிலும் கூப்பிடலாம். பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. வாக்குமூலத்தைக் கூடுமானவரை பெண் போலீஸ் அதிகாரி, சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டுக்கே வந்து வாங்க வேண்டும் என்கிறது சட்டம்.

பிள்ளையின் பெயரை வெளியே விடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மலையில் அது மட்டும் போதாது. சில வீடுகளே உள்ள ஊரில், ஊர்ப் பெயரையும் வகுப்பையும் சொன்னாலே எந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடும், அவற்றையும் சொல்லாதீர்கள்.