உயர்ந்தது யாருடைய வருமானம்?

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் குடும்பங்களின் இடைநிலை வருமானம் எவ்வளவு என்ற கணக்கை அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வழக்கமாகச் செப்டம்பர் மாதத்தில் வெளியிடுகிறது. தொகை கூடியிருந்தால் அது தமது ஆட்சியின் சாதனை என்று மாநில ஆளுநர் கூறுவார். அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். எதிர்த்தரப்பினரோ வேறோர் அட்டவணையைக் காட்டி, வருமானம் குறைந்துவிட்டது என்பார்கள். இரு தரப்பினரும் பொய் சொல்லாமலேயே இவ்வாறு வாதிட முடியும் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

இடைநிலை வருமானம் என்பது சராசரி அல்ல. எல்லாக் குடும்பங்களையும் வருமானத்தின்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே அது. சில கோடீஸ்வரர்களின் செல்வம் சராசரியைத் தூக்கிவிடும். நடுப்புள்ளியை அவ்வளவாக அசைக்காது. குடும்பம் என்ற சொல்லுக்கும் இங்கே தனிப்பொருள் உண்டு. உறவினர் அல்லாதோர் உட்பட ஒரே வீட்டில் வசிப்பவர்கள் அனைவரும் ஒரு குடும்பமாகவே கொள்ளப்படுகின்றனர். வளர்ந்த மகன் தனிவீடு பார்த்துச் சென்றால் ஒரு குடும்பம் இரண்டாகிறது; யாருடைய சம்பளமும் குறையாமலேயே கணக்கில் வருமானம் குறைகிறது.

இதை அளக்க இரண்டு பெரிய ஆய்வுகள் உள்ளன. ஒன்று சுமார் 90 ஆயிரம் முகவரிகளைக் கொண்டு, முந்தைய நாட்காட்டி ஆண்டின் வருமானத்தைக் கேட்டறிவது. மாநிலவாரியாகப் பிரித்தால் அதன் மாதிரி மெலிந்துவிடும். மற்றொன்று 2005இல் முழு அளவில் தொடங்கிய அமெரிக்கச் சமூக ஆய்வு. ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளை அணுகும் இதையே மாநில அளவிலான ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துமாறு கணக்கெடுப்புத் துறை பரிந்துரைக்கிறது. ஆண்டு முழுவதும் பலரிடம் "கடந்த 12 மாதங்களில் எவ்வளவு ஈட்டினீர்கள்?" என்று இந்த ஆய்வு கேட்பதால், 2022ஆம் ஆண்டின் கணக்கு என்பது உண்மையில் 2021 ஜனவரி முதல் 2022 நவம்பர் வரை பரவிக் கிடக்கிறது. ஓர் ஆய்வின் பழைய எண்ணை மற்றதன் புதிய எண்ணோடு ஒப்பிட்டால் கிடைப்பது மாற்றம் அல்ல, குழப்பமே.

ஒரே ஆய்வுக்குள்ளும் இது நிகழலாம். 2013ஆம் ஆண்டின் வருமானத்தை முதல் ஆய்வு இரண்டு விதமான கேள்வித்தாள்களைக் கொண்டு கேட்டது. நாடு தழுவிய இடைநிலை பழைய கேள்விகளின்படி 51,939 டாலர். புதிய கேள்விகளின்படி 53,585 டாலர். கேள்வி மாறியதாலேயே வருமானம் மூன்று சதவீதம் கூடிவிட்டது.

விலைவாசி அடுத்த சிக்கல். 2021இல் 70,784 டாலராக இருந்த தேசிய இடைநிலை, 2022இல் 74,580 டாலரானது. பார்வைக்கு இது உயர்வு. ஆனால் 2021இன் தொகையை 2022இன் விலைமதிப்பில் கணக்கிட்டால் அது 76,330 டாலராகிறது. அதாவது மெய்யான வருமானம் 2.3 சதவீதம் குறைந்திருக்கிறது. மாநிலங்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினம். மாநிலத்துக்கொரு நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை அமெரிக்க அரசு கணக்கிடுவதில்லை. நாடு முழுமைக்குமான குறியீட்டெண்ணையே பயன்படுத்துவதால், வீட்டு வாடகை திடீரென எகிறிய ஊர்களின் துயரம் இக்கணக்கில் தென்படாது.

இவை அனைத்தையும் சரிசெய்த பின்னரும் மிஞ்சுவதே ஆழமான கேள்வி. நடுவில் நிற்பது அதே குடும்பமா?

ஐந்து குடும்பங்கள் உள்ள ஓர் ஊரில் வருமானங்கள் முறையே 20, 30, 40, 60, 90 ஆயிரம் டாலர் என்று கொள்வோம். இடைநிலை 40 ஆயிரம். தலா ஒரு லட்சம் ஈட்டும் இரண்டு குடும்பங்கள் புதிதாகக் குடியேறினால் இடைநிலை 60 ஆயிரமாகிவிடும். பழைய குடிகளில் ஒருவருக்கும் ஒரு டாலர்கூடக் கூடவில்லை.

வடக்கு டகோட்டா இதற்குத் தக்க களம். பாக்கன் பாறையடுக்கில் எண்ணெய் பெருகியதால் அம்மாநிலம் 2012இல் அலாஸ்காவை முந்தி, டெக்சாசுக்கு அடுத்த எண்ணெய் உற்பத்தி மாநிலமானது. 2010இல் 6,72,591ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 7,79,094ஆக உயர்ந்தது. வருமானமும் ஏறியது. அந்த ஏற்றத்தில் உள்ளூர் விவசாயிக்கும் பள்ளி ஆசிரியைக்கும் எவ்வளவு, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எவ்வளவு என்பதை இடைநிலை எண் பிரித்துச் சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், தொழிலாளர் முகாம்களில் தங்கியோர் 'குடும்பம்' என்ற வரையறைக்குள் வராததால், அவர்களது கூலி இக்கணக்கில் சேர்வதே இல்லை. ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து பின்தொடரும் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968 முதல் அத்தகைய ஆய்வொன்றை நடத்துகிறது. எனினும் சிறிய மாநிலமொன்றைப் பற்றித் தனியே பேசும் அளவுக்கு அதன் மாதிரி பெரிதல்ல.

இது ஏட்டுச் சுரைக்காய் விவாதம் அல்ல. ஏழைகளின் வீடுகளுக்கு வெப்பமூட்டும் செலவில் உதவும் மத்திய அரசின் திட்டத்தில், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கான மாநில இடைநிலை வருமானத்தின் 60 சதவீதம் என்பது தகுதி வரம்புகளில் ஒன்று. ஆனால் நிதியை நாடாளுமன்றமே ஆண்டுதோறும் ஒதுக்குகிறது. புதியவர்களின் வரவால் இடைநிலை உயர்ந்தால், உதவி கோரும் தகுதியுள்ளோரின் வரிசை நீள்கிறது. அதற்கேற்ப நிதி தானாகக் கூடுவதில்லை. இடைநிலை சரிந்தால், சம்பளம் மாறாத குடும்பமும் வரம்புக்கு வெளியே தள்ளப்படலாம். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும் வடக்கு டகோட்டாவில், அந்தக் குடும்பம் எரிவாயுக் கட்டணத்தைத் தானே கட்டியாக வேண்டும்.