கூட்டு வியாபாரத்தில் வேலைப் பட்டியல் ஏன் அவசியம்?

நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஆசிரியர். தனியார் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் என்னுடன் படித்த நண்பரோடு சேர்ந்து கொட்டாஞ்சேனையில் சிறியதொரு புத்தகக் கடையும் நடத்துகிறேன். காலையில் அவர் கடையில் இருப்பார், பாடசாலை விட்டதும் நான் போவேன். நாங்கள் நேரில் பேசிக்கொள்வது குறைவு.

ஒரு முறை பாடசாலைத் தவணை தொடங்கும் வாரத்தில், மலிபன் வீதியில் இரண்டு மொத்த வியாபாரிகளிடம் ஒரே வகைக் கொப்பிகளை இருவரும் தனித்தனியாகக் கடனுக்கு எடுத்துவிட்டோம். அதே வாரம் கடையின் மின்கட்டணத்தை இருவருமே கட்டவில்லை. "மச்சான், நீ கட்டியிருப்பாய் என்றுதானே நினைத்தேன்" என்றார் அவர். நானும் அப்படியே நினைத்திருந்தேன். அதன் பின் இரண்டு நாட்கள் எங்களுக்குள் சரியான பேச்சில்லை.

இத்தனைக்கும் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் பேசியே இருந்தோம். பிழை அங்கேதான் இருந்தது. வட்ஸ்அப்பில் நடப்பது உரையாடல். காலையில் போட்ட செய்தி மாலையில் ஐம்பது செய்திகளுக்கு அடியில் போய்விடும். "சரி" என்ற பதில் பார்த்தேன் என்பதற்கா, நானே செய்கிறேன் என்பதற்கா என்பதும் தெரியாது.

இதை வெறும் மறதி என்று விட்டுவிட முடியாது. 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டத்தின்படி இலங்கையில் கூட்டு வியாபாரத்துக்கு ஆங்கிலேயப் பங்குடைமைச் சட்டமே பொருந்துகிறது. அதன்படி, வியாபாரத்தின் வழமையான தேவைக்கு ஒரு பங்காளி வாங்கும் கடன் பொதுவாக மற்றவரையும் கட்டுப்படுத்தும். நண்பர் எடுத்த கொப்பிகளின் கடனுக்கு நானும் பொறுப்பு, நான் எடுத்ததற்கு அவரும் பொறுப்பு.

இப்போது கூகுள் கீப்பில் இருவரும் திறக்கக்கூடிய ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அதற்கு நான்கு விதிகள் உண்டு.

1. ஒரு வேலைக்கு ஒரு பெயர் மட்டுமே. "இருவரும்" என்று எழுதினால் அது எவருடைய வேலையும் அல்ல.

2. செய்ய வேண்டியதை முழுமையாக எழுத வேண்டும். "மின்சாரம்" என்று எழுதினால் போதாது. "மின்கட்டணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கோப்பில் வைத்தல்" என்று எழுத வேண்டும்.

3. திகதி இருக்க வேண்டும். முடிந்ததும் பொறுப்பேற்றவரே அடையாளமிட வேண்டும்.

4. கடனுக்குச் சரக்கு எடுக்கும் முன் பட்டியலைப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் இருவரும் சேர்ந்து அதை வாசிக்கிறோம்.

செயலி இல்லாதவர்கள் கல்லாப்பெட்டிக்கு அருகில் ஒரு கொப்பியை வைத்தாலும் போதும். பட்டியல் ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

இந்தப் பட்டியல் உடன்படிக்கைக்குப் பதிலாகாது. மூலதனம் 1000 ரூபாவைத் தாண்டும் பங்குடைமை எழுத்தில் கையொப்பமிடப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. இன்று பெட்டிக்கடைகூட அந்தத் தொகையைத் தாண்டிவிடும்.

"எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பாரே" எனப் பலர் தயங்குகிறார்கள். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) ஏவுகிறது, அது சந்தேகத்தைத் தவிர்க்கும் என்ற காரணத்தையும் கூறுகிறது. வேலைப் பட்டியல் கடன் பத்திரம் அல்ல என்றாலும் அதே காரணம் இதற்கும் பொருந்தும்.

அந்தக் கொப்பிகளை விற்று முடிக்க எங்களுக்கு அடுத்த தவணை வரை சென்றது. நீங்கள் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்திருந்தால் இந்த வெள்ளிக்கிழமையே அவரோடு உட்கார்ந்து முதல் பட்டியலை எழுதிவிடுங்கள்.