கல்நார் நோயும் மருந்துச் சோதனையும்

சில நாட்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "புதிய மருந்தொன்று கையில் இருக்கும்போது, நோயாளிகளில் பாதிப் பேருக்கு அதைக் கொடுத்துவிட்டு, மற்றப் பாதிப் பேருக்குக் கொடாமல் கணக்குப் பார்ப்பது கொடுமையல்லவா?" என்றார் அவர். இரக்கமுள்ள நெஞ்சில் எழும் கேள்வி அது. அதற்கு விடை கூறுவதற்காகவே, கொடியதொரு நோயின் வரலாற்றை இன்று பேச எடுத்துக்கொள்கிறேன்.

நம் நுரையீரல்களை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. பெரும்பாலும் அச்சவ்வில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கு மீசோதீலியோமா என்று பெயர். அதன் முதன்மையான காரணம் கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் வழங்குவதும் இதனையே. நெருப்புக்கு அஞ்சாத இக்கனிமம் நூல்நூலாகப் பிரியும் இயல்புடையது. கண்ணுக்குப் புலனாகாத அந்த நுண்ணிழைகள் மூச்சோடு உட்சென்று தங்கிவிட்டால், 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தும் நோய் தலைகாட்டக்கூடும். 1960ஆம் ஆண்டில் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சாண்ட் ஆகிய மூவர், தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியில் கண்ட 33 நோயாளிகளைப் பற்றி எழுதினர். கல்நாருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்குத் தெளிவாக்கியது அக்கட்டுரையே. அந்நோயாளிகள் அனைவரும் சுரங்கத் தொழிலாளர் அல்லர். நீலக் கல்நார்ச் சுரங்கங்களின் அருகே பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

நோய் வெளிப்படும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆதலின் மருத்துவர்கள் நெடுங்காலம் கைவிரித்தே நின்றனர். இத்தகைய நோயில் ஏமாந்துபோவதும் எளிது. ஒருவருக்குப் புதிய மருந்தைக் கொடுத்தோம். அவர் ஈராண்டு வாழ்ந்தார் என வைத்துக்கொள்வோம். அவர் மருந்தினால் வாழ்ந்தாரா? அன்றி, மருந்தில்லாமலும் அத்தனை காலம் வாழ்ந்திருப்பாரா? அவர் ஒருவரை மட்டும் பார்த்து இதை எவராலும் சொல்ல இயலாது.

ஆகவேதான் நோயாளிகளை இரு பிரிவாக்குகிறார்கள். யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் செல்வாக்கோ முடிவு செய்வதில்லை. திருவுளச்சீட்டுப் போட்டாற்போல அது தற்செயலுக்கே விடப்படுகிறது. அவ்வாறு பலநூறு பேரைப் பிரித்தால், வயது, உடல்வலிமை, நோயின் முற்றல் ஆகிய யாவும் இரு பக்கத்திலும் ஏறத்தாழச் சமமாக அமைந்துவிடும். எஞ்சி நிற்கும் வேறுபாடு சிகிச்சை ஒன்றுதான்.

2003ஆம் ஆண்டில் வெளியான சோதனை ஒன்றைப் பாருங்கள். அதில் 448 பேர் சிகிச்சை பெற்றனர். ஒரு பிரிவினருக்குச் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் பெமெட்ரெக்செட் என்னும் மருந்தும் சேர்த்துத் தரப்பட்டது. முதற் பிரிவின் இடைநிலை ஆயுள் 9.3 மாதம், இரண்டாம் பிரிவினது 12.1 மாதம். இடைநிலை ஆயுள் என்பது யாது? வாழ்ந்த கால வரிசைப்படி அனைவரையும் நிறுத்தினால், நடுவில் நிற்பவரின் ஆயுள் அது. மூன்று மாதம் சிறிதே எனினும், இந்நோயில் ஐயத்துக்கிடமின்றிக் கிடைத்த முதல் வெற்றி அதுவே.

பெமெட்ரெக்செட், ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினை உயிரணுக்கள் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கும் மருந்து. அந்த வைட்டமினைச் செயற்கையாக ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும், இவ்வகைத் தடுப்பு மருந்துகளுக்கு வழி வகுத்தவரும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. மேற்கூறிய சோதனையின் நடுவே, மருந்தின் நச்சுத்தன்மையால் சிலர் கடுந்துன்பம் அடைந்தது கண்டு, அதே ஃபோலிக் அமிலத்தையும் வைட்டமின் பி12ஐயும் இரு பிரிவினருக்கும் கொடுக்கத் தொடங்கினர். துன்பம் குறைந்தது. சோதனை என்பது கண்ணை மூடிக்கொண்டு நடப்பதன்று.

அடுத்து வந்தவை, நம் உடலின் காவற்படையையே நோய்மீது ஏவும் மருந்துகள். அக்காவற்படை வரம்பு மீறாதபடி இயற்கை சில தடைகளை அமைத்திருக்கிறது. அத்தடைகளை நீக்கிப் புற்றுநோயைத் தாக்கும் வழி கண்ட அலிசன், ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகையில் ட்ரெமெலிமுமாப் என்ற மருந்து சிறிய சோதனைகளில் நம்பிக்கையூட்டியது. ஆனால் முன்பே சிகிச்சை பெற்றும் நோய் வளர்ந்துவிட்ட 571 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து பெற்றவர் இடைநிலை ஆயுள் 7.7 மாதம், வெறும் போலி மருந்து பெற்றவர்க்கு 7.3 மாதம். நம்பிக்கை பொய்த்தது. எனினும் ஆராய்ச்சி நிற்கவில்லை. நிவோலுமாப், இபிலிமுமாப் என்னும் இரு மருந்துகளை இணைத்து, அதுவரை சிகிச்சை பெறாத 605 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஈராண்டு கடந்தும் உயிரோடிருந்தவர், பழைய சிகிச்சையில் நூற்றுக்கு 27 பேர். புதிய சிகிச்சையில் நூற்றுக்கு 41 பேர்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். நோயுற்ற சவ்வை அறுத்து அகற்றினால் ஆயுள் நீளும் என்று தேர்ந்த அறுவை மருத்துவர் பலர் நம்பினர். பிரிட்டனில் 335 நோயாளிகளிடம் அந்நம்பிக்கையைச் சோதித்தனர். அனைவருக்கும் மருந்து உண்டு. பாதிப் பேருக்கு அறுவையும் உண்டு. 2024இல் முடிவு வெளியாயிற்று. அறுவை செய்துகொண்டவர்களின் இடைநிலை ஆயுள் 19.3 மாதம், செய்துகொள்ளாதவர்களுக்கு 24.8 மாதம். கடுமையான உபாதைகளும் அறுவை செய்துகொண்டவர்களுக்கே மிகுதி. 'பாவம், இவர்களுக்கு அறுவை கிடைக்கவில்லையே' என்று நாம் யாருக்காக இரங்கியிருப்போமோ, அவர்களே நீண்டகாலம் வாழ்ந்தனர்!

ஒப்பிட்டுப் பாராமல் எல்லோரையும் அறுவைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தால், அதுவன்றோ கொடுமை? எது நல்லது என்று எவருக்கும் தெரியாத நிலையில்தான் இத்தகைய சோதனைக்கு நியாயம் உண்டு. பயன் உறுதிப்பட்ட சிகிச்சை இருக்குமானால், மறுபிரிவினருக்கு அதனைத் தந்தே புதியதை ஒப்பிடவேண்டும். நோயாளி யாவற்றையும் கேட்டறிந்து, மனமொப்பிக் கையொப்பமிடவேண்டும். வேண்டாமென்றால் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்.

ஆயுள் சில மாதங்களே என்றறிந்தும், தமக்குப் பயன் கிட்டுமா என்பது தெரியாமலும், பின்வருவோர்க்காகத் தம் உடலைச் சோதனைக்குத் தந்தவர்கள் அந்த நூற்றுக்கணக்கானோர். நாம் படிக்கும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறத்தலாகாது.

மற்றொன்றும் கூறி முடிக்கிறேன். இந்நோயை அறவே தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. வாராமல் தடுக்கும் வழியோ தெளிவாக இருக்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் கல்நாரை விலக்கிவிட்டன. நம் நாட்டில் கல்நார்த் தகடுகள் இன்றும் கூரையாகின்றன. பழைய தகடுகளை உடைப்பதும், அறுப்பதும், துளையிடுவதும் இழைகளைக் காற்றில் கலக்கும். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ அவ்வேலை நடக்கக் கண்டால், அருகே நில்லாதீர்கள். வேலை செய்பவருக்கும் அதன் தீமையை எடுத்துச் சொல்லுங்கள். அத்தொழிலாளி மூச்சில் இழுக்கும் தூசுக்கு விடை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவரும்.