மிலாறில் மலரும் வசந்தம்

வசந்தம் என்னும் சொல்லைப் பாடநூலில் வாசிக்கும் மலைநாட்டுப் பிள்ளையின் மனக்கண்ணில் எழும் காட்சி யாது? இலையுதிர்ந்த கிளை நிறைய இளஞ்சிவப்புப் பூக்கள். அவற்றின் பின்னே பனி மூடிய ஒரு சிகரம். அது ஜப்பானியரின் செரி மலர். அந்நாட்டுப் பாடசாலைகளில் வசந்த காலத்தில் வகுப்பறைச் சுவர்களைக் காகிதச் செரிப் பூக்களால் அலங்கரிப்பர். அவ்வழக்கத்தைப் பசறைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளும் கைக்கொள்ளலாமா? கொள்ளலாம் என்பதே நமது கருத்து. ஆனால் எவ்வாறு கொள்வது என்பதில்தான் பயன் அடங்கியிருக்கிறது.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்குகின்றது. அந்நாட்டின் பல பகுதிகளில் செரி மரங்கள் பூப்பதும் அதே காலத்தை ஒட்டித்தான். மரத்திலுள்ள பூக்களின் ஆயுள் ஓரிரு வாரமே. காற்றும் மழையும் சேர்ந்தால் அதுவும் இல்லை. ஆகவே புதிய மாணாக்கரை வரவேற்கும் மலரை உபாத்தியாயர்கள் காகிதத்திலும் செய்து வைத்துக்கொள்கின்றனர். நன்றாக எழுதிய பிள்ளையின் கொப்பியில் ஆசிரியர் குத்தும் முத்திரைகூடச் செரிப் பூவின் வடிவமே. 1967ஆம் ஆண்டு முதல் நூறு யென் நாணயத்திலும் அம்மலரே பொறிக்கப்பட்டு வருகிறது.

ஐந்தின் கணக்கு

செரிப் பூவுக்கு இதழ்கள் ஐந்து. ஒவ்வோர் இதழின் நுனியிலும் ஒரு சிறு பிளவு உண்டு. அந்தப் பிளவை விட்டுவிட்டால் அது வேறு ஏதோ ஒரு பூவாகிவிடும். ஒரு தாளை நான்காகவோ எட்டாகவோ மடிப்பது எவர்க்கும் எளிது. ஐந்தாக மடிப்பதற்குத்தான் அறிவு வேண்டும்.

இவ்வறிவை நம்மவர் ஒருவர் நூலாகவே எழுதியிருக்கிறார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தி. சுந்தர ராவ், காகித மடிப்பினால் கேத்திர கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் புரோபல் வகுத்த பாலர் கல்வி முறையில் காகித மடிப்பும் ஓர் அங்கமாக இருந்தது. அந்தச் சிறுவர் விளையாட்டைப் பின்பற்றியே, கவராயமும் அளவுகோலுமின்றி, மடித்து மடித்தே சதுரத்தையும் ஐங்கோணத்தையும் பிறவற்றையும் ஆக்கிக் காட்டினார் அவர். 1901இல் அமெரிக்காவிலும் அந்நூல் அச்சேறியது. காகிதப் பூச் செய்வதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

செய்யும் முறை

வீட்டிலும் பாடசாலையிலும் எளிதிற் செய்யக்கூடிய முறை ஒன்றை இங்கே தருகிறோம்.

மெல்லிய தாளில் 10 சென்றிமீற்றர் குறுக்களவுள்ள வட்டம் ஒன்றை வெட்டிக்கொள்க. தடித்த தாளாயின் பத்து மடிப்பையும் சேர்த்துக் கத்தரிக்கச் சிறுவர் கைக்கு வலிமை போதாது. வட்டத்தைச் சரிபாதியாக மடித்தால் அரைவட்டம் கிடைக்கும். அதன் நேர்க்கோட்டின் நடுப்புள்ளியில் பாகைமானியை வைத்து 36, 72, 108, 144 ஆகிய பாகைகளில் குறியிடுக. இப்போது அரைவட்டம் ஐந்து சம பாகமாயிற்று. அக்குறிகளின் வழியே விசிறி மடிப்பதுபோல் முன்னும் பின்னுமாக மடித்தால், கூர்முனையுள்ள ஓர் ஆப்பு வடிவம் கையில் நிற்கும்.

அதன் ஓர் ஓரத்தில், கூர்முனைக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே கத்தரிக்கோலை வைத்து, வெளிநோக்கி வளைத்து வெட்டிச் செல்க. மறு ஓரத்தை அணுகும்போது கத்தரியைச் சற்றே உள்நோக்கி இறக்குக. விரித்துப் பார்த்தால், நுனி பிளந்த ஐந்து இதழ்களுடன் பூ மலர்ந்திருக்கும். பாகைமானி அறியாத சின்னஞ்சிறுவர்க்கு ஆசிரியரே குறியிட்டுக் கொடுக்கலாம். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோர் தாமே குறியிடட்டும். ஒரு வட்டத்துக்கு 360 பாகை என்பதும், அதைப் பத்தாகப் பகுத்தால் 36 என்பதும் அன்றைக்கு மனப்பாடம் செய்யாமலே மனத்திற் பதியும்.

காகிதத்தின் அருமையை நாடே உணர்ந்த ஆண்டு 2022. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆகையால் வர்ணத்தாள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று எந்தப் பிள்ளையையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புதல் தகாது. பழைய கொப்பியின் எழுதாத பக்கம் போதும். அதைப் பீற்றூட் சாற்றில் தோய்த்து நிழலில் உலர்த்தினால் இளஞ்சிவப்பு வந்துவிடும். வெயில் பட்டால் அந்நிறம் வெளிறும். செரிப் பூவுக்கு அதுவும் பொருத்தமே. ஒட்டுவதற்குக் கோதுமை மாவைக் காய்ச்சிய பசை வேண்டியமட்டும் உதவும். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்போரும் உளர். அது நஞ்சாதலால் பிள்ளைகள் கைபடும் பசையில் கலத்தலாகாது.

பூக்களைச் சுவரில் நேரே ஒட்டாமல் கிளையொன்றில் ஒட்டுவதே அழகு. அதற்குத் தோட்டத்தில் குறைவேது? கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலை மிலாறு கிடக்கின்றது. கோணலும் கணுவுமாக வளைந்த அந்தச் சுள்ளி, முதிய செரிக் கிளையின் தோற்றத்தை அப்படியே காட்டும். அடுப்பெரிக்கத் தாய் சுமந்து வரும் கட்டிலிருந்து ஒன்றை உருவினால், வகுப்பறைக்கு வசந்தம் வந்துவிடும்.

நமது மலையின் வசந்தம்

இவ்வளவும் செய்தபின் பிள்ளைகளைச் சாளரத்தண்டை அழைத்துச் செல்லவேண்டும். நமுனுகுல மலையின் அடிவாரத்துச் சரிவுகளில் நமக்கும் வசந்தம் இல்லையா? ஆண்டின் முதல் மாதங்களில், மழை ஓய்ந்த நாட்களில், வேலியோரத்துக் கிளிரிசிடியா மரம் இலை உதிர்த்து, வெறுங்கிளை முழுவதும் இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கும். சீமைக்கிளுவை என்றும் அதனைக் கூறுவர். தொலைவிலிருந்து பார்ப்போர் செரி என்றே மயங்குவர். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அம்மரம், அங்கே கொக்கோச் செடிக்கு நிழல் தந்தமையால் ‘கொக்கோவின் தாய்’ எனப் பெயர் பெற்றது. சிங்கள மக்கள் எரபது என்றழைக்கும் முள்முருக்கும் சித்திரைப் புத்தாண்டை அறிவிப்பதுபோலச் செந்நிறமாய்ப் பூக்கும்.

இவ்விரண்டும் அவரையின் இனம். இவற்றுக்கும் இதழ்கள் ஐந்தே. ஆனால் செரியைப்போல் ஐந்தும் ஒருபடித்தானவை அல்ல: கொடிபோல் நிமிர்ந்த பெரிய இதழ் ஒன்று, சிறகுபோல் இரண்டு, படகுபோல் இணைந்த இரண்டு. தாளில் ஐந்தையும் தனித்தனியே வெட்டி ஒட்டும் பிள்ளை, தாவரவியலில் ஒரு பாடத்தை விரலாலே கற்றுவிடுகிறது. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் ஊன்றிக் கூத்தாடுகிறார்களே, அந்த மன்மதனின் கணைகளும் ஐந்து மலர்களல்லவா? வசந்தன் அவனுக்குத் தோழன். ஆகவே வசந்தம் நமக்குப் பாடநூல் வழி வந்த புதுச்சரக்கன்று. லயத்து வாசலில் தப்பொலியோடு ஆண்டுதோறும் வருகின்ற விருந்தே.

எனவே ஒரு சுவரில் செரி பூக்கட்டும். எதிர்ச்சுவரில் கிளிரிசிடியாவும் முள்முருக்கும் பூக்கட்டும். பிறநாட்டு மலரை மட்டுமே செய்து பழகும் பிள்ளை, அழகு என்பது எப்போதும் தன் மலைக்கு அப்பால் உள்ளது என்று எண்ணத் தலைப்படும். தன் வேலி மலரை மட்டுமே செய்யும் பிள்ளைக்கோ உலகம் வேலியோடு முடிந்துவிடும். இரண்டும் அருகருகே இருக்கும்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் கண் திறக்கிறது.

எல்லோர் பூவும்

தோட்டப் பாடசாலைகளின் வரலாறு நாம் அறிந்ததே. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. ஆயினும் நெடுங்காலம் ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாகவே பல பாடசாலைகள் நடந்தன. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசாங்கம் அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்றது. பெற்றோர் பலர் தம் இளமையில் அழகிய சுவரொன்றைப் பாடசாலையிற் கண்டதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் காணவேண்டும். கடையில் வாங்கிய படத்தை அன்று, தங்கள் கைவேலையை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நேர்த்தியாக வெட்டியவற்றை மட்டும் பொறுக்கிச் சுவரில் வைத்து, ஏனையவற்றைக் குப்பையில் இடவேண்டாம். இதழ் நான்காய்ப் போன பூவும், நுனி கிழிந்த பூவும் மிலாறில் இடம் பெறட்டும். தன் பூவைத் தேடி, இதோ என்று கண்டுபிடிக்கும் பிள்ளை மறுநாள் தவறாமல் பாடசாலைக்கு வரும். தாய்மார்களும் புத்தாண்டு விடுமுறைக்கு முன் ஒருநாள் பாடசாலைப் படியேறி அச்சுவரைப் பார்த்து வருவார்களாக. அதற்கு முன்னதாக, இன்று மாலை விறகுக் கட்டை அவிழ்க்கையில், நல்ல வளைவான மிலாறு ஒன்றைப் பிள்ளைக்கென எடுத்து வைப்பார்களாக.